அட்டவணையில் பச்சை, கிடங்கில் பாதி: ஒரு பின்னலாடை ஆர்டரின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

திருப்பூரில் உள்ள ஒரு நடுத்தரப் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகியவை அங்கே சொந்தக் கட்டடத்தில் நடக்கும். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்துவது), பிரிண்டிங் எல்லாம் வெளியே, ஜாப் ஒர்க் முறையில், அதாவது சரக்கைக் கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்குவது. ஊரில் பெரும்பாலான நிறுவனங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. நூலாக வாங்கிய சரக்கு ஆடையாகி அட்டைப் பெட்டிக்குள் போவதற்குள் நான்கைந்து வெவ்வேறு முதலாளிகளின் வாசலைத் தாண்ட வேண்டும். ஆர்டரைத் தொடக்கம் முதல் இறுதிவரை நடத்தும் பொறுப்பு மெர்ச்சண்டைசருடையது. ஆனால் அவர் உத்தரவு போட்டால் வேலை நடக்கும் இடம் அந்தச் சங்கிலியில் ஒன்றுகூடக் கிடையாது. எங்கும் கேட்டும் நினைவுபடுத்தியும்தான் வேலை வாங்க வேண்டும்.

ஆர்டர் ஓர் ஐரோப்பிய பையருடையது (ஆடைகளை வாங்கும் நிறுவனம்). ஆண்களுக்கான வட்டக் கழுத்து டி-ஷர்ட் 36,000. பருத்தி நூல் 24-ஆம் நம்பர், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி துணி. வெள்ளை, கிரே மெலாஞ்ச், நேவி, ஒயின் என நான்கு நிறங்கள், நிறத்துக்கு 9,000. நெஞ்சில் ஒரு பிரிண்ட். ஜூலை முதல் வாரத்தில் உறுதியானது. அக்டோபர் 20 அன்று தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போன தையற்காரர்கள் முழுமையாகத் திரும்ப ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே அக்டோபர் கடைசியைத் தாண்டிய ஒவ்வொரு நாள் தாமதமும் நவம்பர் நடுவில்தான் போய் நிற்கும்.

நான் அந்த நிறுவனத்தின் ஊழியன் அல்ல. சரக்குக் கணக்கை மென்பொருளுக்கு மாற்றும் பணிக்காகப் போய்வந்துகொண்டிருந்தேன். செப்டம்பர் நடுவில் முதலாளி என்னை அழைத்து, இந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொன்னார். எல்லாம் சரியாகப் போகிறது என்றுதான் அவருக்கு அறிக்கை வந்துகொண்டிருந்தது. அவருக்கு உறுத்தியதும் அதுதான். நிறுவனத்தையும் ஆட்களையும் அடையாளம் காட்டக்கூடியவற்றை இங்கே விட்டுவிட்டேன்.

## திங்கள்கிழமைக் கூட்டம்

வாரந்தோறும் திங்கள்கிழமை முதலாளியின் அறையில் ஒன்றரை மணி நேரம் கூட்டம் நடக்கும். மெர்ச்சண்டைசர், தயாரிப்பு மேலாளர், துணிப் பொறுப்பாளர், கட்டிங் மாஸ்டர், தரப் பொறுப்பாளர், பேக்கிங் பொறுப்பாளர் என எல்லோரும் வருவார்கள். மெர்ச்சண்டைசர் தன் கணினியில் உள்ள கால அட்டவணையைத் திறந்து வரிசையாக வாசிப்பார். ஒவ்வொரு வரியிலும் ஒரு சதவீதம். நேரத்துக்குள் இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

நான் உட்கார்ந்த அன்று இந்த ஆர்டரின் துணி வரிசையில் 80 சதவீதம் என்று பச்சையில் இருந்தது. முதலாளி துணிப் பொறுப்பாளரைப் பார்த்தார். "போய்க்கொண்டிருக்கிறதுங்க, இந்த வாரம் முழுக்க வந்துவிடும்" என்றார் அவர். அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

அதே கூட்டத்தில் வேறொரு ஆர்டருக்கு வாங்கிய பொத்தான்கள் தாமதமானதைக் கொள்முதல் பார்க்கும் இளைஞர் சொன்னார். அதற்குக் கிடைத்த பதில் கால் மணி நேரம் நீடித்தது. "பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வராதே, சரக்கைக் கொண்டு வா" என்பது அதன் சாரம். திட்டு வாங்கியவர் ஒருவர்தான். ஆனால் பாடம் கேட்டவர்கள் அறையில் இருந்த அத்தனை பேரும். முதலாளி கெட்ட மனிதர் அல்ல. கூலியை ஒரு சனிக்கிழமைகூடத் தள்ளிப்போடாதவர் என்று தையற்காரர்களே சொல்வார்கள். கத்தினால் வேலை நடக்கிறது என்பது அவருடைய அனுபவம். அப்போதைக்கு நடக்கவும் செய்தது.

## துணியைத் தேடிப் போனது

அட்டவணையை விட்டுவிட்டுச் சரக்கைப் பின்தொடர்ந்தேன். பேக்கிங்கிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடந்தால் எண்ண வேண்டியவை குறைவு. பேக்கிங்கில் இந்த ஆர்டர் இல்லை, தையலிலும் இல்லை. கட்டிங் மேசையில் விரிப்பதற்காக ஒரு நிறம் மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். துணிக் கிடங்கில் சுருள்களின் சீட்டுகளைப் பார்த்து எடையைக் கூட்டினேன்.

ஆர்டருக்குத் தேவை ஏறத்தாழ 7,600 கிலோ, நிறத்துக்கு 1,900. கிரே மெலாஞ்ச் முழுவதும் வந்திருந்தது. சாயமேற்றிய பஞ்சைக் கலந்து நூற்ற நூல் என்பதால் அதற்குச் சாயப்பட்டறை வேலை இல்லை. வெள்ளையில் 1,200 கிலோ இருந்தது. நேவியும் ஒயினும் ஒரு கிலோகூட வரவில்லை. மொத்தம் 3,100 கிலோ, அதாவது 41 சதவீதம்.

80 எங்கிருந்து வந்தது? துணிப் பொறுப்பாளர் பொய் எழுதவில்லை. சாயப்பட்டறைக்குச் சரக்கு புறப்படும்போது போடும் டெலிவரி சலானைப் பார்த்து அவர் எழுதிவந்தார். அனுப்பியதைக் கணக்கு வைத்திருந்தார், பெற்றதை அல்ல. மெர்ச்சண்டைசர் அதை அப்படியே சதவீதமாக்கினார். ஆறு ஆர்டர்களை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்த அவருக்குக் கிடங்கு வரை நடக்க நேரமில்லை.

மறுநாள் துணிப் பொறுப்பாளரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவருடனேயே போனேன். நேவியில் நான்கு லாட், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றும் தொகுதிகள். அவற்றில் மூன்று காம்பாக்டிங் முடிந்து, சுருட்டிக் கட்டி, அந்த யூனிட்டின் சுவரோரம் எட்டு நாள்களாகக் கிடந்தன. அங்கிருந்து எங்கள் கிடங்குக்கு டெம்போவில் அரை மணி நேரம். அவர்கள் கூப்பிட்டுச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நான்காவது லாட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

வழியில் ஒரு தேநீர்க் கடையில்தான் ஒயினைப் பற்றிச் சொன்னார். முதல் லாட் சாயமாகி ஆறு நாளாகிவிட்டது. உடம்புத் துணியின் நிறம் சரி, கழுத்துக்கான ரிப் துணி ஒரு சாயல் சிவந்துவிட்டது. நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தால் யார் கண்ணுக்கும் தெரியும். ரிப்பையும் உடம்புத் துணியையும் ஒரே குளியலில்தான் போட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரியும். ரிப் நிட்டிங் மூன்று நாள் தாமதமாகிவிட்டது. அன்றைக்குச் சாயப்பட்டறையில் கிடைத்திருந்த முறையை விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. அதனால் உடம்புத் துணியை மட்டும் முதலில் ஏற்றிவிட்டார். மீதி மூன்று லாட் கோரா துணி (சாயமேற்றாதது) நிட்டிங் யூனிட்டிலேயே நின்றது.

"ஏன் அண்ணா யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்" என்றார்.

## சாயப்பட்டறையின் வரிசை

அடுத்த முறை எப்போது என்று தெரியாத நிலை ஏன் வந்தது என்பதே இந்த நிகழ்வின் மையம்.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், அதன்பின் கழிவுநீரைச் சொட்டுகூட வெளியேற்றாத முறைக்கு மாறியவையே இயங்க முடிந்ததும் ஊருக்குத் தெரியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு பட்டறை அனுப்பக்கூடிய கழிவுநீருக்கு அளவு உண்டு. ஆகவே பட்டறைக்காரர் மனம் வைத்தாலும் இரவோடு இரவாகக் கூடுதல் லாட் போட்டுவிட முடியாது. இருக்கும் முறைகளை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் அவர் கையில் உள்ள முடிவு. யாருக்கு முதலில் கொடுப்பார்? பணம் ஒழுங்காகத் தருபவருக்கு.

எங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் கீழே இருந்தது. சுமார் 18 லட்சம் ரூபாய் பாக்கி. சில பில்கள் நூறு நாளைத் தாண்டியவை. முதலாளியிடம் கேட்டபோது அவர் உண்மையாகவே வியந்தார். "கணக்குப் பிரிவிலிருந்து பில் கையெழுத்துக்கு வந்தால் அன்றைக்கே போட்டுவிடுகிறேனே" என்றார். கணக்குப் பிரிவில் கேட்டால், எடைக் கழிவுச் சரிபார்ப்பு முடியாமல் பில்லை மேலே அனுப்ப முடியாது என்றார்கள். அனுப்பிய கோரா எத்தனை கிலோ, திரும்பி வந்த சாயத் துணி எத்தனை கிலோ, குறைந்தது அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் துணிப் பொறுப்பாளர். நாற்பதுக்கும் மேற்பட்ட பில்கள் அவர் மேசை இழுப்பறையில் இருந்தன. பட்டறை பட்டறையாக அலைந்து துணியைக் கேட்டு நிற்பதில் நாள் முழுவதும் போனதால், உட்கார்ந்து சரிபார்க்க அவருக்கு நேரம் இல்லை. சரிபார்க்காததால் பணம் போகவில்லை; பணம் போகாததால் துணி வரவில்லை; துணி வராததால் இன்னும் அலைச்சல்.

ஆளுக்கொரு முனை தெரிந்திருந்தது. வளையம் முழுதும் யார் கண்ணிலும் படவில்லை. முழுதாகத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆளான துணிப் பொறுப்பாளருக்கோ அதைச் சொல்வது தன் மீதே புகார் கொடுப்பது போல. திங்கள்கிழமைக் கூட்டம் இருந்த விதத்தில் அதை அங்கே அவர் சொல்லியிருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

## முதல் முடிவு: பாக்கியும் முறையும்

முதலாளியிடம் இதைத் தனியாகச் சொன்னேன். கூடவே ஒரு வேண்டுகோள்: துணிப் பொறுப்பாளரை இன்று எதுவும் கேட்காதீர்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்றார்.

கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண் ஊழியர் இரண்டு பிற்பகல்கள் துணிப் பொறுப்பாளருடன் உட்கார்ந்து பில்களைச் சரிபார்த்தார். பெரும்பாலானவற்றில் கழிவு அனுமதித்த அளவுக்குள்ளேயே இருந்தது. சர்ச்சைக்குரிய நான்கை மட்டும் தனியே வைத்தார்கள். சரிபார்ப்பு முடியும்வரை காத்திராமல் முதலாளி பாக்கியில் பாதியை முன்பணக் கணக்கில் கொடுத்தார். பட்டறை முதலாளியைத் தானே தொலைபேசியில் அழைத்தார். அந்த ஒரு அழைப்பை மெர்ச்சண்டைசரோ துணிப் பொறுப்பாளரோ செய்ய முடியாது. ஒயினின் மூன்று லாட்டுக்கும் ரிப்போடு சேர்த்து முறை கிடைத்தது. ஆனால் அடுத்தடுத்த நாள்களில் அல்ல. கடைசி லாட் அக்டோபர் இரண்டாம் வாரத்தில்தான் வரும் என்று தெரிந்தது.

நேவியின் மூன்று லாட்டுகளை அன்று மாலையே டெம்போ அனுப்பி எடுத்துவந்தார்கள்.

## இரண்டாம் முடிவு: மேசையைச் சுற்றி நின்று பேசுவது

தினமும் காலை 9 மணிக்குக் கட்டிங் மேசையருகே நின்றபடி கால் மணி நேரம் பேசுவது என்று முடிவானது. வேலை தொடங்கும் 8.30-க்கே வைக்கலாம் என்றார் மெர்ச்சண்டைசர். தயாரிப்பு மேலாளர் மறுத்தார்: அந்த அரை மணி நேரத்தில்தான் வராத தையற்காரர்களின் இடத்தில் ஆள் மாற்றி லைனை ஓடவிட வேண்டும். அவர் சொன்னது சரி. கூட்டமே வேண்டாம் என்பதும் அவர் கருத்தாக இருந்தது: "நேரம் போதவில்லை என்றுதானே பேச்சு, இதில் தினமும் ஒரு கூட்டமா?" அதிலும் நியாயம் இருந்ததால் திங்கள்கிழமைக் கூட்டம் ரத்தானது. ஒன்றரை மணி நேரக் கூட்டம் ஒழிந்ததில்தான் அவர் இறங்கிவந்தார். புதிய கூட்டத்தைச் சேர்ப்பவர்கள் பழையதில் ஒன்றை எடுப்பதே இல்லை என்பது நான் பல இடங்களில் பார்த்தது.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார்கள். நிறத்துக்கு ஒரு வரிசை, பிரிவுக்கு ஒரு கட்டம். கட்டத்தில் சதவீதம் எழுதக் கூடாது. துணி என்றால் கிலோ, மற்றவை என்றால் உருப்படி. எண்ணை எழுத வேண்டியவர் அனுப்பியவர் அல்ல, பெற்றுக்கொண்டவர். கிடங்குக்கு வந்த துணியைக் கட்டிங் மாஸ்டர் எழுதுவார்; வெட்டிய உருப்படியைத் தையல் சூப்பர்வைசர் எழுதுவார். இந்த ஒரு விதிதான் பலகைக்கு மதிப்புக் கொடுத்தது. தன் கைக்கு வராததை வந்ததாக எழுத யாரும் விரும்ப மாட்டார்கள், அடுத்த நாள் அதைக் கேட்டு வருவார்கள் என்பதால்.

பேச வேண்டியது மூன்றே: நேற்று எது கைமாறியது, எது நிற்கிறது, அதை நகர்த்த யார் யாரை மதியத்துக்குள் அழைக்கப் போகிறார். முதல் வாரம் முதலாளி வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் அவரால் மட்டுமே ஆகக்கூடிய வேலைகளை ஒரு துண்டுச் சீட்டில் மெர்ச்சண்டைசர் கொண்டுபோய்க் கொடுப்பார். பெரும்பாலான நாள்களில் சீட்டில் ஒரு வரிதான் இருந்தது.

முதல் நாள் யாரும் எதுவும் நிற்கவில்லை என்றார்கள். இரண்டாம் நாள் கட்டிங் மாஸ்டர் பேசினார். ஊரில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், யாருக்கும் அஞ்ச வேண்டிய தேவை இல்லாதவர். "வெள்ளையில் இரண்டு சுருளில் எண்ணெய்க் கறை. நான் விரிக்கமாட்டேன்" என்றார். கறை எந்த நிட்டிங் இயந்திரத்தில் விழுந்தது என்று கண்டுபிடித்து, மாற்றுத் துணிக்கு அங்கேயே ஆள் குறித்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. அடுத்த நாள் துணிப் பொறுப்பாளர் ஒயின் ரிப்பைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதைப் பொறுப்பாளர் வாயால் சொல்லவைத்திருக்க எந்த அட்டவணையாலும் முடிந்திருக்காது. தையல் சூப்பர்வைசர்களுக்கு அன்றுதான் ஒயின் பிந்தும் என்று தெரிந்தது. அதற்கேற்ப லைன்களைத் திட்டமிட முடிந்தது.

மெர்ச்சண்டைசர் உருவாக்கியிருந்த வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் நாள் முழுவதும் படங்களும் குரல் செய்திகளும் கொட்டின. முக்கியமான பதில் ஒன்று, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே இரண்டு நாள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. நேவியின் மீது பிரிண்ட் மாதிரிக்குப் பையர் கேட்ட சிறு திருத்தம் அது. குழுவை மூடவில்லை, படம் அனுப்ப மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். வாக்குக் கொடுப்பதெல்லாம் பலகையில்.

## மூன்றாம் முடிவு: நிறம் நிறமாகப் போவது

நான்கு நிறத் துணியும் வந்த பிறகு ஒரேயடியாக வெட்டினால் அளவு விகிதம் குழம்பாது என்பதே அங்கே வழக்கம். பையரின் பேக்கிங் குறிப்பை எடுத்து மீண்டும் படித்தபோது, ஒரு பெட்டியில் ஒரே நிறம், கலந்த அளவுகள் என்று இருந்தது. நிறங்கள் கலக்க வேண்டியதில்லை என்றால் ஒன்றுக்கொன்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஜூலையிலிருந்து கோப்பில் இருந்த தாள்தான் அது.

கிரே மெலாஞ்சை உடனே வெட்டித் தையலுக்குக் கொடுத்தார்கள். பின்னால் வெள்ளை, அதன் பின் நேவி. மூன்று லைன்கள் சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 2,700 உருப்படி தைத்தன. தையலில் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை, சனிக்கிழமைக் கூலிக்குப் பிந்தைய திங்கள்களில் வழக்கமாக ஆள் குறைவதைத் தவிர.

தீபாவளி போனஸ் தேதியையும் விடுமுறை தொடங்கும் நாளையும் செப்டம்பர் இறுதியிலேயே அறிவித்தது இந்த நேரத்தில்தான். போனஸ் பேச்சு கடைசி வாரம் வரை இழுக்கும்போது, கிடைக்குமோ கிடைக்காதோ என்று சிலர் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுவது திருப்பூரில் ஆண்டுதோறும் நடப்பது. அந்த ஆண்டு இங்கே அப்படிப் போனவர்கள் மிகக் குறைவு. அறிவிப்புதான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. தயாரிப்பு மேலாளர் அப்படித்தான் நம்புகிறார்.

## நான்காம் முடிவு: பையருக்கு எழுதியது

இதில்தான் அதிக வாக்குவாதம். ஒயின் அக்டோபர் 20-க்குள் முடியாது என்று செப்டம்பர் மூன்றாம் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. உடனே எழுத வேண்டும் என்றார் மெர்ச்சண்டைசர். முதலாளி ஒப்பவில்லை. "இப்போது சொன்னால் ஒயினை ரத்து செய்துவிடுவான். கடைசி வாரத்தில் சொன்னால் அவனுக்கும் வேறு வழி இருக்காது" என்றார். இந்தத் தர்க்கத்தை ஏற்றுமதியில் பலரிடம் கேட்டிருக்கிறேன்.

மெர்ச்சண்டைசர் அதற்குக் கோபப்படாமல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒப்பந்தம் எஃப்ஓபி, அதாவது கப்பல் கட்டணம் பையருடையது. ஆனால் தாமதம் எங்களால் என்றால் விமானத்தில் அனுப்பும் செலவு எங்கள் தலையில். 9,000 டி-ஷர்ட் பெட்டிகளோடு சேர்ந்து ஏறக்குறைய இரண்டு டன். அந்தக் கட்டணம் ஒயினின் லாபத்தைத் தின்றுவிட்டு மற்ற நிறங்களின் லாபத்திலும் கைவைக்கும். இப்போதே சொன்னால் பையர் தன் கடைகளில் மூன்று நிறத்தை முதலில் வைத்து ஒயினைப் பிறகு வைக்க முடியும். கடைசி வாரத்தில் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

கடிதம் செப்டம்பர் 24 அன்று போனது. சுருக்கமானது: எந்த நிறம், ஏன் தாமதம், மூன்று நிறங்கள் குறித்த தேதியில் வரும், ஒயின் அக்டோபர் 27-இல் புறப்படும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிலவரம் எழுதுவோம். மன்னிப்பு ஒரு வரி. காரணத்தில் சாயப்பட்டறை மீது பழி போடவில்லை. நிறப் பொருத்தம் சரியில்லாததால் மறுபடி செய்கிறோம் என்று உள்ளதை எழுதினார்கள். இரண்டு நாளில் பதில் வந்தது: பிரித்து அனுப்பச் சம்மதம், 27-ஐத் தாண்டினால் விலையில் கழிவு.

## விளைவு

மூன்று நிறங்கள், 27,000 உருப்படி, அக்டோபர் 20 அன்று புறப்பட்டன. பையர் தரப்பு ஆய்வாளர் 2.5 ஏக்யூஎல் முறையில் (மாதிரி எடுத்துக் குறைகளை எண்ணித் தேர்ச்சி முடிவு செய்வது) 315 உருப்படிகளை எடுத்துப் பார்த்தார். 14 பெரிய குறைகள் வரை அனுமதி. அவர் கண்டது 11. தேறியது, ஆனால் வசதியான இடைவெளி அல்ல. குறைகளில் பாதிக்கு மேல் கழுத்துத் தையல். இரவு எட்டரை வரை நீளும் ஒன்றரை ஷிப்டின் கடைசி மணி நேரங்களில் அந்த வேலை தளர்வதாகத் தரப் பொறுப்பாளர் தன் குறிப்பேட்டைக் காட்டினார். ஒயினுக்கு வந்தபோது கழுத்துத் தையலை மாலை ஆறு மணிக்குள் முடித்துக்கொண்டு, பிறகு கீழ் மடிப்பு போன்ற எளிய வேலைகளை வைத்தார்கள்.

ஒயினின் முதல் லாட்டுக்கு இரண்டாம் லாட்டில் சாயமான ரிப் பொருந்தியது; பையரின் ஆய்வாளர் விளக்குப் பெட்டியில் பார்த்து ஒப்புதல் தந்தார். தைத்து முடித்தபோது தேதி சரியாகவே இருந்தது. பேக்கிங்கில் சிக்கியது. பெட்டியில் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கர்களில் ஒயினுக்குப் பதில் வேறொரு நிறக் குறியீடு அச்சாகியிருந்தது. அச்சகம் திருத்தித் தர இரண்டு நாள். 27-க்குப் பதில் 29. இறுதி ஆய்வில் 200 உருப்படிகளில் 6 குறைகள், அனுமதி 10. தரத்தில் மற்றவற்றைவிட ஒயின் மேல். இரண்டு நாள் தாமதத்துக்காக ஒயின் மதிப்பில் 2 சதவீதம் பிடித்தார்கள். விமானச் செலவு இல்லை. அடுத்த பருவத்துக்கும் அந்தப் பையர் ஆர்டர் கொடுத்தார், முந்தையதைவிடச் சற்றுக் குறைவான அளவில்.

## அதன் பிறகு

தீபாவளிக்குப் பின் முதலாளி காலைக் கூட்டத்துக்கு வரத் தொடங்கினார். சில வாரங்கள் அமைதியாக நின்றார். டிசம்பரில் ஒரு நாள், ஜிப் தாமதமானதைச் சொன்ன கொள்முதல் இளைஞர் மீது மறுபடியும் வெடித்தார். அதன் பின் இரண்டு வாரத்துக்குப் பலகையில் நிற்பது என்று ஒன்றுமே இல்லை. மெர்ச்சண்டைசர் அந்த வெற்றுக் கட்டங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து அவருக்கு அனுப்பி, "எதுவும் நிற்கவில்லையாம்" என்று மட்டும் எழுதினார். அவர் புரிந்துகொண்டார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வருவது என்று வைத்துக்கொண்டார். கத்துவது முழுவதுமாக நின்றதாகச் சொல்ல முடியாது.

ஜாப் ஒர்க் பில்களுக்கு 45 நாள் வரம்பு வைத்தார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. பலரும் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தார்கள். 2024 ஏப்ரல் முதல், கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்றான பிறகு ஊரே கவனிக்கிறது. எடைச் சரிபார்ப்புக்குக் கணக்குப் பிரிவிலிருந்தே ஓர் ஆள் ஒதுக்கப்பட்டார். இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகத் தாமதத்தைக் குறைத்தது என்பது என் கணிப்பு.

மெர்ச்சண்டைசர் ஓராண்டுக்குள் கூடுதல் சம்பளத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். பலகை நின்றுவிடும் என்று நினைத்தேன். கட்டிங் மாஸ்டர் விடவில்லை.

## மாற்ற வேண்டியவை

பலகை துணியில் தொடங்கிப் பேக்கிங்கில் முடிந்தது. லேபிள், ஸ்டிக்கர், பாலிதீன் உறை, அட்டைப் பெட்டி ஆகியவற்றுக்கு அதில் கட்டமே இல்லை. சிறிய பொருள், மலிவானது, யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம். ஒயினின் இரண்டு நாளும் 2 சதவீதமும் அங்கேதான் போயின. ஸ்டிக்கரின் முதல் தாள் அச்சானதுமே பேக்கிங் பொறுப்பாளர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்பது அடுத்த ஆர்டரில் சேர்க்கப்பட்டது.

பையருக்கான கடிதம் ஐந்தாறு நாள் முன்பே போயிருக்கலாம். தேதியை இன்னும் உறுதிப்படுத்திக்கொண்டு எழுதலாம் என்று காத்திருந்ததில் கிடைத்தது எதுவுமில்லை. அதேபோல 27 என்று எழுதியபோது பேக்கிங்குக்கு ஒரு நாள்கூட இடைவெளி விடவில்லை. தாமதத்தை ஒருமுறை அறிவித்தவர்கள் இரண்டாவது தேதியைத் தாராளமாக வைக்கக் கூச்சப்படுகிறார்கள். முதல் தாமதத்தைப் பொறுத்த பையர் இரண்டாவதைப் பொறுப்பதில்லை.

தையல் ஒப்பந்தக்காரர்களைக் காலைக் கூட்டத்துக்கு அழைக்கவே இல்லை. லைனில் இருப்பவர்களில் பெரும்பகுதி அவர்களின் ஆட்கள். கூலி உருப்படிக் கணக்கில். குறையைத் தானாக முன்வந்து சொன்னால் அவர்களுக்கு நேரமும் பணமும் போகும். பிறகு ஒருவரை அழைத்துப் பார்த்தார்கள். நின்று கேட்டார், பேசவில்லை. குறை கண்டு சொன்ன உருப்படிக்கும் கூலி உண்டு என்று ஒரு லைனில் சோதித்தபோது சொல்வது கூடியது, கூடவே குறையும் கூடியது. உருப்படிக் கூலிக்குப் பதில் ஷிப்ட் கூலி கொடுத்துப் பார்க்கலாம் என்று தயாரிப்பு மேலாளர் சொல்கிறார். உற்பத்தி குறைந்துவிடும் என்று முதலாளி அஞ்சுகிறார். நான் கடைசியாகப் போனபோது அது முடிவாகவில்லை.